தலைவர் சாப்பிட்டாரா?

1974ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மெல்பேணில் விடியும்போது மூடுபனி, காலையில் வெயில், நண்பகலில் மழை, பிற்பகலில், எதுவுமே நடவாததுபோல், மீண்டும் வெயில். முதல்நாள்தான் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தேர்தல் நடந்திருந்தது. வாக்குகள் இன்னும் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தமையால், நாட்டை ஆளப்போவது யார் என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆயினும் நகரின் புறத்தேயுள்ள கிளேற்றனில், தேவாலயம் ஒன்றின் பின்மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடியிருந்த தமிழர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி வேறு. தமிழர் நட்புறவு மன்றத்தின் தலைவர் மகேந்திரராஜா, ஈஸ்டர் திங்களன்று நடந்த மன்றச் சுற்றுலாவில் சொசேஜ் சாப்பிட்டாரா, இல்லையா?

இக்கேள்விக்குக் கண்ணால் கண்டு விடையளிக்கக்கூடியவர் அம்மண்டபத்தில் ஒருவரே இருந்தார். அவர் சத்தியபாமா. அவரைப் பற்றி முறையாகச் சொன்னாலன்றி அன்று நடந்ததன் அருமை விளங்காது.

வட்டுக்கோட்டையிற் பிறந்து, பேராதனையில் விலங்கியல் பயின்று, 1970இல் கணவர் தேவராஜாவுடனும் இரு பெண் குழந்தைகளுடனும் மெல்பேணுக்கு வந்தவர் அவர். தேவராஜா வீதிகளுக்கும் பாலங்களுக்கும் வரைபடம் வரையும் பொறியியலாளர். வீட்டில் எழும் வாதங்களில் தமக்குரிய பங்கு தேநீர் ஊற்றுவதே என்பதைத் திருமணமான முதலாண்டிலேயே கண்டுகொண்டவர். சத்தியபாமா பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கும் பணியில் இருந்தார். நுண்ணோக்கியில் ஒருமுறை கண்டதை அவர் நம்புவதில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுமுறை பார்ப்பார். மருத்துவர்கள் தொலைபேசியில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், மறுமுறை பார்க்கும்வரை அவர் வாயிலிருந்து முடிவு வராது.

இப்பழக்கம் ஆய்வுகூடத்தோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இராது. வெளியிலும் அது அவருடன் வந்தது. யாரேனும் ஒரு செய்தியைச் சுவையாகச் சொல்லத் தொடங்கியதும், அவர் தலையைச் சற்றே சாய்த்து, "கண்டனீங்களோ, கேட்டனீங்களோ?" என்று வினவுவார். அவ்வளவுதான், செய்தியின் சுவை பாதி போய்விடும். நாளடைவில் மெல்பேண் தமிழர் அவரிடம் வம்பு பேசும்போது முன்கூட்டியே முத்திரை குத்திக்கொள்ளலாயினர். "பாமா அக்கா, இது கேட்டதுதான். சிறிதரன் வேலையை விட்டிட்டானாம்." அல்லது, சற்றே நெஞ்சை நிமிர்த்தி, "அக்கா, இது கண்டது!"

இதனால் அவர் நடுநிலையாளர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அவருக்குக் கட்சி உண்டு. அதில் உறுதியும் உண்டு. மன்றத்தின் செலவில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தவேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். மூத்த மகள் கிரிஜா, "சாப்பிட வா பிள்ளை" என்றால், "இன் எ மினிட், அம்மா" என்பாள். இளையவளுக்கு அந்த "அம்மா"வும் போய், "மம்" ஆகிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வகுப்புத் தீர்மானத்துக்கு ஆதரவும் எதிர்ப்பும் சமமாக நின்றன. தலைவர் மகேந்திரராஜா தம் பதவிக்குரிய மேலதிக வாக்கை எதிர்ப்பக்கம் போட்டுத் தீர்மானத்தைத் தோற்கடித்தார். "வீட்டிலை கதைச்சால் காணும். வகுப்பெண்டு வைச்சால் பிள்ளையள் கணக்கிலை பின்தங்கிப் போகும்" என்பது அவர் வாதம். அன்றிலிருந்து சத்தியபாமா உபதலைவர் இரத்தினசிங்கத்தின் பக்கம். தாம் தலைவரானால் அடுத்த சனிக்கிழமையே வகுப்பைத் தொடங்குவதாக அவர் எல்லாரும் அறிய வாக்களித்திருந்தார்.

தலைவரும் உபதலைவரும் பகைவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மகேந்திரராஜா கணக்காய்வாளர், உயரமானவர், குரல் அதைவிட உயரம். இரத்தினசிங்கம் தபால் திணைக்களத்தில் அதிகாரி; குள்ளமானவர்; எதையும் விரல்விட்டு எண்ணிப் பேசுபவர். ஞாயிறு மாலைகளில் மகேந்திரராஜா வீட்டில் நடக்கும் முந்நூற்றிநாலுச் சீட்டாட்டத்தில் இருவரும் ஒரே பக்கத்து ஆட்டக்காரர்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் சீட்டு மேசையில் பேச்செல்லாம் அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றியதாகவே இருந்தது. வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த களவு அவருக்கு முன்பே தெரியுமா, பின்புதான் தெரியுமா, தெரிந்தபின் மறைத்தாரா என்று உலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது; அவர் தம் அறையில் பேசியதெல்லாம் டேப்பில் பதிவாகியிருந்தது.

"எனக்குத் தெரியாது எண்டு ஒரு தலைவர் சொல்ல ஏலுமோ?" என்று மகேந்திரராஜா மேசையில் அடிப்பார். "தனக்குக் கீழே நடக்கிறது தெரியாட்டி அந்தக் கதிரையிலை ஏன் குந்தியிருக்கிறான்? எழும்பிப் போகட்டும்!"

"ஆதாரம் எங்கை, அண்ணை?" என்று இரத்தினசிங்கம் ஒரு விரலை மடக்குவார். "ஒண்டு, அவர் சொன்னதைக் கேட்ட ஆள் ஆர்? ரெண்டு, பேப்பர்காரன் எழுதினால் அது ஆதாரமோ? ஆதாரமில்லாமல் ஒரு மனுசனை விழுத்தக்கூடாது."

"நீ கண்ணை மூடிக்கொண்டு வக்காலத்து வாங்கிறாய்."

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிலை போடுறியள்."

இருவரும், எதிரணியில் ஆடும் சத்தியபாமாவின் பக்கம் திரும்புவார்கள். அவர் கையிலுள்ள சீட்டை விட்டுக் கண்ணெடுக்காமல், "அந்த டேப்பைக் கேட்டனீங்களோ?" என்பார்.

"அதைத்தானே அந்த ஆள் முழுசாய் வெளியிலை விடுறானில்லை!"

"அப்ப விட்டபிறகு கதைப்பம். இப்ப சீட்டைப் போடுங்கோ, அண்ணை."

இந்நிலையில் ஈஸ்டர் வந்தது. யாரா நதிக்கரைப் பூங்காவில் மன்றத்தின் சுற்றுலா. ஆஸ்திரேலியரைப்போல் நாமும் வெளியில் நெருப்பு மூட்டிச் சொசேஜ் வாட்டவேண்டும் என்பது மகேந்திரராஜாவின் புதுமை. மன்றத்தில் பெரும்பாலோர் சைவர். ஆடு உண்பர், மாடு தொடார். ஆகவே அவர் இறைச்சிக்கடை ஒன்றில் ஆட்டிறைச்சிச் சொசேஜுக்குத் தனியாகச் சொல்லிவைத்து, வியாழக்கிழமையே பொதியை வாங்கி வந்தார். வெயிலும் நன்றாக இருந்தது. சத்தியபாமா அடுப்பருகே நின்று சொசேஜ்களைப் புரட்டினார். எல்லாரும் வரிசையில் வந்து வாங்கினர். பலர் மறுபடியும் வந்தனர். தட்டுகள் காலியாயின.

மூன்று நாட்களின் பின் இடி விழுந்தது. மகளின் பிறந்தநாளுக்கு அதே சொசேஜை வாங்கச் சென்ற இரத்தினசிங்கத்திடம் கடைக்காரர், தாம் ஆட்டிறைச்சியில் சொசேஜ் செய்வதே இல்லை என்று கூறிவிட்டார். ஈஸ்டருக்குக் கொடுத்தது மாட்டிறைச்சியே. ஆட்டுக்குச் சொன்னது யாரிடம், எழுதியது யார் என்று கடையில் எவருக்கும் நினைவில்லை. "உங்கள் தலைவர் வந்து எடுத்தபோது நான் சொல்லியிருப்பேனே" என்றும் அவர் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலையே மெல்பேண் முழுவதும் தொலைபேசிகள் அலறின. சத்தியபாமாவுக்கும் இரத்தினசிங்கத்தின் ஆதரவாளர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, மாடு! கடைக்காரன் மகேந்திரராஜா அண்ணைக்குச் சொன்னவனாம். தெரிஞ்சுகொண்டே எங்களுக்குத் தீத்தியிருக்கிறார்!"

"சொன்னனான் எண்டு சொன்னவனோ, சொல்லியிருப்பன் எண்டு சொன்னவனோ?"

"அக்கா, நீங்கள் எங்கடை பக்கமெல்லோ?"

"ஓம், உங்கடை பக்கந்தான். அதுதான் கேக்கிறன்."

அடுத்த சில வாரங்களில் நடந்ததைத் தேவராஜா தேநீர் ஊற்றியபடியே கவனித்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததில்லை. சீட்டு மேசையில் இருவரும் தத்தம் பேச்சை ஒருவருக்கொருவர் கொடுத்துவிட்டதைப்போல் இருந்தது. "தலைவர் எண்டால் தெரிஞ்சிருக்க வேணும்! தெரியாதெண்டால் ஏன் அந்தக் கதிரையிலை?" என்று மேசையில் அடித்தவர் இப்போது இரத்தினசிங்கம். "ஆதாரம் எங்கை? எனக்குச் சொன்னதைக் கேட்ட ஆள் ஆர்?" என்று விரலை மடக்கியவர் மகேந்திரராஜா. அமெரிக்க ஜனாதிபதி தம் ஒலிப்பதிவுகளின் எழுத்துப்படியை வெளியிட்டார்; ஆதரித்தவர் எல்லாம் அதில் குற்றமின்மையைக் கண்டனர்; எதிர்த்தவர் எல்லாம் குற்றத்தைக் கண்டனர். மெல்பேண் தமிழரோ அதைப் படிக்கவும் நேரமின்றி இருந்தனர்.

மன்றம் இரண்டாகப் பிரிந்தது. விவாதம் பல வழிகளிற் சுற்றி இறுதியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது. மாடு என்று தெரிந்திருந்தால் மகேந்திரராஜா அதைத் தொட்டிருக்கமாட்டார் என்பதில் இரு பக்கத்தாருக்கும் ஐயமில்லை. ஆகவே அவர் சாப்பிட்டிருந்தால், அறியாமல் நடந்த பிழை. சாப்பிடவில்லையென்றால், அறிந்து செய்த வஞ்சனை; பதவி விலகி உபதலைவருக்கு இடம்விட வேண்டும். அன்று அவருக்குத் திங்கட்கிழமை விரதம் என்று ஓர் ஆதரவாளர் சொல்லிப் பார்த்தார். தலைவர் தம் மனைவியின் பெட்டியிலிருந்து மீன் கட்லட் எடுத்துத் தின்றதை ஊரே கண்டிருந்தமையால் அது எடுபடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை விளைந்தது. தலைவரைக் காப்பாற்ற விரும்பியோர், அவர் மாட்டிறைச்சி உண்டார் என்று சத்தியம் செய்யவேண்டியதாயிற்று. அவரை வீழ்த்த விரும்பியோர், அவர் ஆசாரம் வழுவாத சைவர் என்று நிறுவவேண்டியதாயிற்று. "மூண்டு சாப்பிட்டவர், தக்காளிச் சோசோடை! நான் கண்டனான்!" என்று நண்பர்கள் முழங்கினர். "சீ, அந்த மனுசன் வாயிலையும் வைக்கேல்லை! வெறுந் தட்டோடைதான் திரிஞ்சவர்!" என்று எதிரிகள் புகழ்ந்தனர். தலைவரோ இக்கேள்வி எழுந்த நாள்முதல் வாயே திறக்கவில்லை. உண்டேன் என்றால் மாடு தின்றவர். உண்ணவில்லை என்றால் கள்ளன். உரத்த குரலுடைய அம்மனிதர் மூன்று வாரம் மௌனம் காத்தது மன்ற வரலாற்றில் முதன்முறை.

நண்பர், எதிரி எவரும் உண்மையில் எதையும் காணவில்லை என்பது சத்தியபாமாவுக்குத் தெரியும். அன்று உணவு முடிந்ததும் எல்லாரும் புல்வெளியில் நடந்த கிரிக்கெட்டுக்குப் போய்விட்டனர். அதன் பிறகே மகேந்திரராஜா, அதுவரை மற்றவர்களைக் கவனித்த களைப்போடு, அடுப்படிக்கு வந்தார். ஓரத்தில் சற்றுக் கருகிக் கிடந்த இரண்டைச் சத்தியபாமா பாண் துண்டுகளுக்கிடையே வைத்துக் கொடுத்தார். தமிழ் வகுப்பைப் பற்றி இருவரும் சண்டை பிடித்தபடியே அவர் அவற்றை உண்டுமுடித்தார். அவர் வாய் நிறைய இருந்ததனாலேயே அன்றைய வாதத்தில் தாம் வென்றதாகச் சத்தியபாமா நினைத்திருந்தார்.

இதை அவர் கணவரிடம் மட்டும் சொன்னார். மண்டபத்துக்குப் போகும் வழியில் காருக்குள் பேச்சு இவ்வாறு போயிற்று.

"நான் ஓமெண்டால் அண்ணை தப்பியிடுவார். இன்னும் ரெண்டு வரியம் அவர்தான் தலைவர். வகுப்புக் கதை முடிஞ்சுது."

"ம்."

"இரத்தினசிங்கம் வந்தால் வாற சனிக்கிழமையே வகுப்பு. இப்பவே கிரிஜாவுக்கு ஒன்பது வயசு. ரெண்டு வரியத்துக்குப் பிறகு இருத்திப் படிப்பிக்க ஏலுமோ?"

"ஏலாது."

"ஞாபகமில்லை எண்டு சொன்னால் அது பொய்யோ, அப்பா?"

தேவராஜா சந்தி விளக்கில் காரை நிறுத்தினார். "அமெரிக்காவிலை பெரிய பெரிய ஆக்களெல்லாம் அதைத்தான் சொல்லுகினம். நல்லாய்ச் சொல்லுகினம்."

"பகிடியை விடுங்கோ."

"நான் பகிடி விடேல்லை. நீர் அப்பிடிச் சொல்லுவீரெண்டால் நான் நம்பமாட்டன். ஆனால் மற்றாக்கள் நம்புவினம். அவ்வளவுதான்." விளக்குப் பச்சையாயிற்று.

மண்டபத்தில் தலைமை தாங்கியவர் பீட்டர். மலேசியாவிலிருந்து வந்த கிறித்தவத் தமிழர், பள்ளி ஆசிரியர். மாடோ ஆடோ தமக்கு வேறுபாடில்லை என்பதால் அவரே நடுவர் என்று இரு பக்கத்தாரும் ஒத்துக்கொண்டிருந்தனர். கூட்டம் தொடங்குமுன் சத்தியபாமா தேநீர் போடக் குசினிக்குள் சென்றார். பின்னாலேயே இரத்தினசிங்கம் வந்தார்.

"அக்கா, உங்களைத்தான் கடைசியாய்க் கேட்கப்போகினம். நீங்கள் பொய் சொல்லவேண்டாம். அடுப்பிலை கவனமாய் இருந்தனான், ஞாபகமில்லை எண்டால் காணும். வகுப்பு நடத்த இந்த ஹோலுக்கும் சொல்லி வைச்சிட்டன். சனிக்கிழமை பத்து மணி."

"ஹோலுக்கும் சொல்லியாச்சோ?"

"கண்டதக்கா, கேட்டதில்லை! நானே போய்ச் சொல்லிப்போட்டு வாறன்." அவர் பெருமையோடு சிரித்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் மகேந்திரராஜாவின் மனைவி நாகேஸ்வரி வந்து கதவைச் சாத்தினார். "பாமா, நீ இவர் சாப்பிட்டதைக் கண்டியோ?"

சத்தியபாமா கேத்திலில் தண்ணீரை நிரப்பி அடுப்பில் வைத்தார்.

"கண்டிருந்தால் சொல்லாதை, மோளே. பதவி போனால் போகட்டும், எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலை வீடாவது மிஞ்சும். ஆனால் மாடு திண்டவர் எண்ட கதை யாழ்ப்பாணம் போனால் இவரின்ரை தமக்கையார் எங்களை வாசலிலும் ஏத்தமாட்டா. கடிதம் போக ஒரு கிழமை காணும்."

"நாகேஸ் அக்கா, அண்ணை என்ன சொல்லுறார்?"

"அவர் என்ன சொல்லுறது? மூண்டு கிழமையாய் என்னோடையும் கதையில்லை. வீடு நல்ல அமைதி," என்று கூறி நாகேஸ்வரி தம்மை அறியாமலே சிரித்துவிட்டார், சத்தியபாமாவும் சிரித்தார். எதிர்க்கட்சியும் சொல்லாதே என்றது; தலைவர் வீடும் சொல்லாதே என்றது. இருவர் விருப்பத்தையும் நிறைவேற்ற வேண்டுமானால் வாயை மூடியிருந்தால் போதும். கூலியாகத் தமிழ் வகுப்பும் கிடைக்கும். இவ்வளவு மலிவாக ஒரு பொய் எவருக்கும் வாய்த்திராது.

உள்ளே, பீட்டர் கூட்டத்தைத் தொடங்கியிருந்தார். அவர் முறையானவர், அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். "முதல்ல ஒன்னு தெரிஞ்சுக்கணும். அன்னிக்கு யார் யாரெல்லாம் சொசேஜ் சாப்பிட்டீங்க? கைய தூக்குங்க."

சைவர் பக்கத்தில் ஒரு கையும் எழவில்லை. தாம் உருளைக்கிழங்கும் பாணும் மட்டும் உண்டதாக ஒருவர் சொன்னார். தமக்கும் அவ்வாறே என்றார் இன்னொருவர். இரத்தினசிங்கத்துக்கு அன்று வயிற்றுக்குச் சரியில்லையாம். பீட்டரும் அவர் மனைவியும் மாத்திரம் கையை உயர்த்தியிருந்தனர்.

"அப்ப மொத்தத்தையும் நாங்க ரெண்டு பேருமே சாப்பிட்டோமா?" என்றார் பீட்டர்.

சிரிப்பொலி குசினிவரை கேட்டது. தேநீர்த் தட்டோடு சத்தியபாமா மண்டபத்துள் வந்தபோது சிலர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தனர். ஆனால் பேச்சு தொடர்ந்ததும் சிரிப்பு மறைந்தது. மூன்று சொசேஜ் என்றவரும் வெறுந்தட்டு என்றவரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் பொய்யன் என்றனர். எங்கே நின்று கண்டீர் என்று பீட்டர் கேட்டபோது, முதலாமவர் கிரிக்கெட்டில் விக்கெட் காத்துக்கொண்டிருந்ததாகவும், இரண்டாமவர் எதிர்முனையிலிருந்து பந்து வீசிக்கொண்டிருந்ததாகவும் தெரியவந்தது. மகேந்திரராஜா முன்வரிசையில் தலைகுனிந்து, தம் சப்பாத்துகளைக் கணக்காய்வு செய்வதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்புப் பக்கத்தில நின்னது மிஸஸ் தேவராஜா மட்டுந்தான்," என்றார் பீட்டர். "அவங்க சொல்றத ரெண்டு பக்கமும் ஏத்துக்கிறீங்களா?"

"ஏற்கிறம்!" என்று முதலில் சொன்னவர் இரத்தினசிங்கம். "அக்கா காணாததைச் சொல்லமாட்டா." அதை அவர் நம்பிக்கையோடு சொன்னார். மற்றப் பக்கமும் தலையசைத்தது. நாகேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

சத்தியபாமா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். பின்வரிசையில் கிரிஜா படப்புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தாள். அது ஆங்கிலப் புத்தகம். அவளைச் சிறிதுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தார். ஆய்வுகூடத்தில் இரண்டாம் முறை பார்க்குமுன் அவர் அவ்வாறுதான் செய்வார் என்பது தேவராஜாவுக்குத் தெரியும். எனவே அவர் மேலும் கேட்கக் காத்திராமல், தமக்கொரு தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார் பீட்டர். "தலைவர் சாப்பிட்டாரா, இல்லையா?"

"ஓம், சாப்பிட்டவர். ரெண்டு. நான்தான் குடுத்தனான், நானும் ரெண்டு சாப்பிட்டனான்."